நம் ஜெனரேட்டரும் வடை சுட்ட எண்ணெயும்

(சங்கத்தின் ஆண்டுப் பொதுக்குழுவில் பொருளாளர் பேசியதன் எழுத்து வடிவம். அன்று வர இயலாதவர்களுக்காக இங்கே வெளியிடப்படுகிறது.)



பொருளாளர் பேச எழுந்தால் பராமரிப்புத் தொகை பாக்கியைத்தான் சொல்வார் என்று பலர் செல்போனை எடுத்துவிட்டீர்கள். கொஞ்சம் கீழே வையுங்கள். இன்று உங்கள் பாக்கியைப் பற்றிப் பேசப்போவதில்லை. என் தவறு ஒன்றைப் பற்றிப் பேசப்போகிறேன்.

33 ஆண்டுகள் வங்கியில் குமாஸ்தாவாக இருந்தவன் நான். கையெழுத்து இல்லாத வவுச்சரையோ தேதி இல்லாத செலானையோ பாஸ் செய்ததில்லை. அதனால்தான் என்னைப் பொருளாளராகத் தேர்ந்தெடுத்தீர்கள். அப்படிப்பட்ட நான், நம் ஜெனரேட்டருக்கு 100 லிட்டர் எரிபொருளைப் பில் இல்லாமல் வாங்கினேன்.

மினி லோடு வண்டியில் ஒருவர் வந்தார். "சார், பயோடீசல். முழுக்கத் தாவர எண்ணெயிலிருந்து செய்தது. புகை வராது, நாட்டுக்கும் நல்லது. லிட்டர் 72 ரூபாய்தான்" என்றார். பங்க்கில் டீசல் 92 ரூபாய்க்கு மேல். நூறு லிட்டருக்கு 2,000 ரூபாய் மிச்சம் என்று மனதுக்குள் கணக்குப் போட்டேன். பில் கேட்டதற்கு ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தார். சுற்றுச்சூழலுக்கும் நல்லது, சங்கத்துக்கும் லாபம் என்ற நினைப்பில் வாங்கிக்கொண்டேன்.

இரண்டு வாரம் ஒன்றும் ஆகவில்லை. பிறகு ஒரு மழை இரவில் கரண்ட் போனது. ஜெனரேட்டர் ஓடியது, இருமியது, இருபது நிமிடத்தில் நின்றது. மூன்றாவது மாடிக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு பாட்டியம்மாவும் அவர் பேரனும் லிஃப்ட்டுக்குள் 35 நிமிடம் மாட்டிக்கொண்டார்கள். லிஃப்ட்டின் அவசர பேட்டரி செத்துப்போயிருந்தது என்பதும் அன்றுதான் தெரிந்தது. செக்யூரிட்டி தம்பியும் இரண்டு இளைஞர்களும் சேர்ந்து கதவைத் திறந்து இறக்கினார்கள். வெளியே வந்த அந்த அம்மா என்னைப் பார்த்து ஒரு வார்த்தை கூடச் சொல்லவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

மறுநாள் மெக்கானிக் ஃபில்டரைக் கழற்றினார். உள்ளே கறுப்பாகக் கூழ் மாதிரி அடைத்திருந்தது. கேனில் மிச்சமிருந்ததை முகர்ந்து பார்த்தார். "சார், பெயின்ட் கடை வாசனை வருது. இதுல செடியும் இல்ல, கொடியும் இல்ல" என்றார். ஃபில்டர், தொட்டி சுத்தம், இன்ஜெக்டர் வேலை, கூலி எல்லாம் சேர்த்து 23,400 ரூபாய். மிச்சம் பிடித்தது 2,000, செலவு 23,400. இந்தக் கணக்கு ஆண்டறிக்கையில் "ஜெனரேட்டர் பழுது" என்று ஒரே வரியில் இருக்கிறது. அந்த வரிக்குப் பின்னால் இருக்கும் கதையைச் சொல்வது என் கடமை.

அதற்குப் பிறகு, பயோடீசல் என்றாலே ஏமாற்று என்று நம் வாட்ஸ்அப் குழுவில் சிலர் எழுதினீர்கள். அது சரியில்லை. ஒருவன் கள்ள நோட்டைக் கொடுத்தான் என்பதற்காக ரூபாயே பொய் என்று சொல்ல முடியாது. அதனால் இரண்டு மாதம் உட்கார்ந்து படித்தேன், கேட்டேன். தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். கடைசியில் மூன்று தீர்மானங்களும் வைக்கிறேன்.

முதலில் ஒரு பழைய செய்தி. 1900-ஆம் ஆண்டு பாரிஸ் நகரில் பெரிய உலகப் பொருட்காட்சி நடந்தது. அங்கே ஒரு சிறிய டீசல் என்ஜினை ஓட்டிக் காட்டினார்கள். அதில் ஊற்றியிருந்தது கடலை எண்ணெய். நம் பக்கத்து மானாவாரி நிலத்தில் விளைகிறதே, அதே நிலக்கடலையின் எண்ணெய். என்ஜின் அவ்வளவு நன்றாக ஓடியதால் வேடிக்கை பார்த்தவர்களில் சிலருக்குத்தான் அது டீசல் இல்லை என்று தெரிந்ததாம். இதைப் பின்னாளில் எழுதியவர் அந்த என்ஜினைக் கண்டுபிடித்த ருடால்ஃப் டீசலே. ஆப்பிரிக்கக் காலனிகளில் கடலை நிறைய விளைகிறது, அதைக் கொண்டே அங்கே என்ஜின் ஓட்டலாமா என்று பிரெஞ்சு அரசு யோசித்த காலம் அது.

அப்படியானால் நாமும் செக்கெண்ணெயை நேராக ஊற்றலாமே என்று கேட்பீர்கள். கூடாது. காரணம் எண்ணெயின் பிசுபிசுப்பு. டீசலின் பாகுநிலை அளவு 2 முதல் 4.5 வரை இருக்க வேண்டும் என்பது இந்தியத் தர நிர்ணயம். அதே அளவுகோலில் சமையல் எண்ணெய் 30-க்கு மேல் போகும். அவ்வளவு தடிப்பான எண்ணெயை இன்றைய இன்ஜெக்டரின் நுண்ணிய துளையால் பொடித்தூறலாகத் தெளிக்க முடியாது. துளியாக விழும், பாதி எரியும், மீதி கரியாகப் படியும். பிஸ்டன் வளையம் ஒட்டிக்கொள்ளும். கொஞ்ச நாள் ஓடும், பிறகு பெரிய செலவு வைக்கும்.

அதனால் எண்ணெயை மாற்றியமைக்கிறார்கள். எண்ணெயின் ஒரு மூலக்கூறை மூன்று வால் உள்ள பட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று வாலையும் பிடித்துக்கொண்டிருப்பது கிளிசரின். எண்ணெயை 60 டிகிரி அளவுக்குச் சூடாக்கி, மெத்தனாலும் சிறிது காரமும் சேர்த்துக் கலக்கினால், வால்கள் தனித்தனியாகக் கழன்று மெத்தனாலோடு சேர்ந்துகொள்ளும். அந்த வால்கள்தான் பயோடீசல். கனமான கிளிசரின் அடியில் தங்கிவிடும். கணக்காகச் சொன்னால், 100 கிலோ எண்ணெயும் சுமார் 10 கிலோ மெத்தனாலும் போட்டால் ஏறக்குறைய 100 கிலோ பயோடீசலும் 10 கிலோ கிளிசரினும் வரும். பற்றும் வரவும் சரியாகப் பொருந்துகிற கணக்கு என்பதால் எனக்கு உடனே பிடித்துப்போயிற்று. பிறகு அதைக் கழுவி, ஈரத்தை நீக்கி, சோதனை செய்ய வேண்டும். கிடைக்கும் பொருளின் பாகுநிலை 4, 5 என்று டீசலுக்குப் பக்கத்தில் வந்துவிடும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. யூடியூபைப் பார்த்து வீட்டில் செய்து பார்க்கலாமா என்று ஒரு தம்பி கேட்டார். வேண்டாம் தம்பி. மெத்தனால் எப்படிப்பட்ட விஷம் என்று நமக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டவர்களின் உயிரைக் குடித்தது அதுதான். எளிதில் தீப்பிடிக்கும், ஆவியை முகர்ந்தாலும் ஆபத்து. அதை வாங்கவும் வைத்திருக்கவும் உரிமம் வேண்டும். பொங்கல் பாத்திரம் வைக்கும் பால்கனியில் செய்கிற வேலை இல்லை.

சரி, இதற்கு எண்ணெய் எங்கிருந்து வரும்? இந்தக் கேள்வியில்தான் நம் நாடு இருபது ஆண்டுக்கு முன் ஒரு பெரிய பாடம் படித்தது. அதில் ஒரு சின்னப் பகுதியை நான் கவுன்டரில் உட்கார்ந்தே பார்த்தேன்.

2003-இல் மத்தியத் திட்டக்குழுவின் அறிக்கை வந்தது. காட்டாமணக்கை ஒரு கோடி ஹெக்டேருக்கு மேல் நட்டால், 2011-12-க்குள் டீசலில் 20 சதவீதம் பயோடீசல் கலக்கலாம் என்றது. அதற்கு முன்பே, 2002 டிசம்பர் 31 அன்று, டெல்லி-அமிர்தசரஸ் சதாப்தி ரயிலை 5 சதவீதம் பயோடீசல் கலந்து ஓட்டிப் பார்த்து, ரயில்வே வெற்றி கண்டிருந்தது. 2006 முதல் பயோடீசலை லிட்டர் 25 ரூபாய்க்கு எண்ணெய் நிறுவனங்கள் வாங்கும் என்று அரசு கொள்கையும் வகுத்தது. தமிழ்நாடும் முனைப்பாக இறங்கியது. கோவை வேளாண் பல்கலைக்கழகமும் மேட்டுப்பாளையம் வனக் கல்லூரியும் ஆராய்ச்சி செய்தன.

காட்டாமணக்கு நமக்குப் புதிதா? சின்ன வயதில் அதன் காம்பை ஒடித்து, பாலில் குமிழி ஊதாதவர் இங்கே யார்? ஆடு கடிக்காது என்று வேலியில் நட்ட செடி. தண்ணீர் வேண்டாம், உரம் வேண்டாம், தரிசில் வளரும், காசாகக் காய்க்கும் என்று சொன்னார்கள். நான் வேலை பார்த்த கிளைக்கு ஒரு விவசாயி வண்ண வண்ணப் புத்தகம் ஒன்றைக் கொண்டுவந்தார். அதில் ஏக்கருக்கு இத்தனை ஆயிரம் வருமானம் என்று அச்சடித்திருந்தது. "சார், வேலியில இருந்ததை வயல்ல நடச் சொல்றாங்க. நடலாமா?" என்று கேட்டார். நான் குமாஸ்தா, என்ன சொல்வேன்? மேலாளரைப் பாருங்கள் என்றேன். மூன்று ஆண்டு கழித்து அவர் வந்தபோது செடியைப் பிடுங்கிவிட்டு மக்காச்சோளம் போட்டிருந்தார். கடனை மட்டும் பிடுங்கிப் போட முடியவில்லை.

அவர் ஒருவர் கதை மட்டும் இல்லை இது. தமிழ்நாட்டுக் காட்டாமணக்குத் தோட்டங்களைப் பற்றி அரிசா-மொன்டோபியோ, லேலே என்ற இரு ஆய்வாளர்கள் 2010-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். விளைச்சல் சொன்னதைவிட மிகவும் குறைவு, பயிர் கட்டுப்படியாகவில்லை, தண்ணீர் வசதி இருந்தால்தான் ஏதாவது தேறும், அந்த வசதி உள்ளவர்களுக்கே அது ஓரளவு ஒத்துவந்தது என்பது அவர்கள் கண்டது. வறண்ட நிலத்தில் செடி உயிரோடு இருக்கும், ஆனால் காய்க்காது. பிழைத்துக் கிடப்பதும் பலன் தருவதும் வேறு வேறு என்பதைத் திட்டம் போட்டவர்கள் யோசிக்கவில்லை. 20 சதவீத இலக்கு 2017-க்குத் தள்ளிப்போனது, அதுவும் நடக்கவில்லை.

2018-இல் வந்த புதிய தேசிய உயிரி எரிபொருள் கொள்கை இறங்கி வந்தது. 2030-க்குள் 5 சதவீதம் போதும் என்றது. செடியை மட்டும் நம்பாமல், பயன்படுத்திய சமையல் எண்ணெயையும் மூலப்பொருளாக எண்ணிக்கொண்டது. நிலம் வேண்டாம், தண்ணீர் வேண்டாம், ஏற்கெனவே வடை சுட்டு முடித்த எண்ணெய். எனக்கு இந்த யோசனை பிடித்திருக்கிறது. ஏனென்றால் இது புதுக் கடன் கேட்கவில்லை, வாராக் கடனை வசூலிக்கிறது.

இதில் நம் உடல்நலமும் இருக்கிறது. எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சினால் அதில் சில கழிவுச் சேர்மங்கள் கூடிக்கொண்டே போகும். அந்த அளவு 25 சதவீதத்தைத் தாண்டினால் அந்த எண்ணெயைச் சமையலுக்குப் பயன்படுத்தக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் விதி செய்தது. 2018 ஜூலை 1 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. அதே ஆண்டு ஆகஸ்டு 10, உலக உயிரி எரிபொருள் நாளன்று, பழைய எண்ணெயைத் திரட்டிப் பயோடீசல் ஆலைக்கு அனுப்பும் 'ரூகோ' திட்டத்தையும் தொடங்கியது. அடுத்த ஆண்டு, இப்படிச் செய்த பயோடீசலை லிட்டர் 51 ரூபாய்க்கு வாங்க எண்ணெய் நிறுவனங்கள் முன்வந்தன. திட்டம் இல்லாவிட்டால் ஓட்டலில் கழித்த எண்ணெய் எங்கே போகும்? விலை மலிவாக இன்னொரு தள்ளுவண்டிக் கடைக்குப் போகும், அங்கிருந்து நம் பேரக் குழந்தைகள் வாங்கும் பஜ்ஜிக்குள் போகும்.

இனி என்ஜினுக்கு வருவோம். தரமான பயோடீசலை அளவாகக் கலந்தால் என்ன ஆகும்? நல்லது நிறைய. அதன் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் ஆக்சிஜன் இருப்பதால் எரிவது சுத்தமாக இருக்கும், கரும்புகை குறையும். கந்தகம் கிட்டத்தட்ட இல்லை. 2020 ஏப்ரலிலிருந்து வரும் பி.எஸ்.-6 டீசலில் கந்தகத்தைப் பத்து லட்சத்தில் 10 பங்காகக் குறைத்துவிட்டார்கள். அப்படிச் சுத்திகரிக்கும்போது டீசலின் வழுவழுப்பும் குறையும். இரண்டு சதவீதம் பயோடீசல் சேர்த்தாலே அந்த வழுவழுப்பு திரும்ப வரும், பம்ப் தேயாது.

பற்றுப் பக்கத்தையும் பார்க்க வேண்டும். லிட்டருக்குக் கிடைக்கும் சக்தி டீசலைவிட 8 சதவீதம் போலக் குறைவு, அதனால் சுத்தப் பயோடீசலில் மைலேஜ் சற்று இறங்கும். 20 சதவீதக் கலவையில் அது ஒன்றிரண்டு சதவீதம்தான். நைட்ரஜன் ஆக்சைடு புகை சற்றுக் கூடலாம். அது நல்ல கரைப்பான் என்பதால் பழைய தொட்டியில் ஆண்டுக்கணக்கில் படிந்த அழுக்கைக் கரைத்துக் கொண்டுவந்து ஃபில்டரில் சேர்க்கும். கலவை கூடக் கூட, பழைய ரப்பர் குழாய்கள் ஊறி இளகும். குளிரில் உறையும் குணமும் உண்டு. மார்கழியில் தேங்காய் எண்ணெய் கட்டியாவது போல, கொடைக்கானல் குளிரில் இதற்கும் சிக்கல் வரும். நம் சின்னாளப்பட்டி வெயிலுக்கு அந்தக் கவலை இல்லை.

நமக்கு வேறு கவலை இருக்கிறது. பயோடீசல் காற்றில் உள்ள ஈரத்தை இழுக்கும். நாள்பட்டால் காற்றோடு சேர்ந்து கெட்டுப் பிசினாகும். ஈரம் தங்கினால் அதில் கிருமிகள் வளர்ந்து பாசி மாதிரி படரும். அதனால் அதைச் சில மாதங்களுக்குள் எரித்துவிட வேண்டும். தினமும் தொட்டி நிரப்பி, தினமும் காலி செய்கிற அரசுப் பேருந்துக்கும் லாரிக்கும் ரயிலுக்கும் அது பொருத்தம். நம் ஜெனரேட்டர் அப்படியா? மாதத்துக்கு 3 மணி நேரம் ஓடினால் பெரிது. மணிக்கு 5 லிட்டர் என்றால் மாதம் 15 லிட்டர். 100 லிட்டர் தீர அரை ஆண்டுக்கு மேல் ஆகும். அதுவரை தகரக் கூரைக்கு அடியில், பாதி காலியான தொட்டியில், பகலில் சூடும் இரவில் ஈரமுமாக அது கிடக்கும். எரிபொருள் நல்லது, என்ஜினும் நல்லது, ஆனால் இரண்டுக்கும் ஜாதகம் பொருந்தவில்லை. அவசரத்துக்கு மட்டும் ஓடுகிற, ஓடியே ஆக வேண்டிய என்ஜின் நம்முடையது. அதில் சோதனை செய்யக் கூடாது.

பங்க் டீசலிலேயே 7 சதவீதம் வரை பயோடீசல் கலக்க இந்தியத் தர நிர்ணயம் இடம் தருகிறது. அதை எண்ணெய் நிறுவனம் சோதித்துக் கலந்து தருகிறது. அதற்கு மேல் நாமாக எதையும் ஊற்றத் தேவையில்லை.

அப்படியானால் மினி வண்டியில் வந்தது என்ன? 2021 வாக்கில் குஜராத்தில் இப்படித்தான் பயோடீசல் என்ற பெயரில் தொழிற்சாலை எண்ணெய்களைக் கலந்து விற்றவர்கள் மீது அரசு பெரிய அளவில் நடவடிக்கை எடுத்தது. உண்மையான பயோடீசலுக்கு ஐ.எஸ். 15607 என்ற தர எண் உண்டு. விற்பவரிடம் அனுமதி, வரி எண்ணோடு பில், அந்தத் தர எண்ணுக்கான சோதனைச் சான்று இருக்க வேண்டும். இந்த மூன்றையும் நான் கேட்டிருந்தால் அந்த வண்டி அன்றே திரும்பிப் போயிருக்கும். ஒரு வாடிக்கையாளரிடம் மூன்று ஆவணம் கேட்கத் தெரிந்த எனக்கு, விலை குறைவு என்றதும் கேட்கத் தோன்றவில்லை.

இப்போது தீர்மானங்கள்.

ஒன்று. ஜெனரேட்டருக்கு எரிபொருள் பங்க்கிலிருந்து மட்டும், பில்லோடு மட்டும். ஒவ்வொரு பில்லின் நகலும் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படும். பொருளாளர் மட்டும் கையெழுத்துப் போட்டால் போதாது, செயலாளரும் போட வேண்டும். இந்த விதி என்னைக் கட்டுப்படுத்தவே.

இரண்டு. மாதம் ஒருமுறை சுமையோடு அரை மணி நேரம் ஜெனரேட்டரை ஓட்டிப் பார்ப்பது, தொட்டியின் அடியில் தேங்கும் தண்ணீரை வடிப்பது, லிஃப்ட் அவசர பேட்டரியைச் சோதிப்பது. பேட்டரி மாற்றியாகிவிட்டது. சோதித்த தேதியை செக்யூரிட்டி அறை நோட்டில் எழுத வேண்டும்.

மூன்று. பழைய எண்ணெய். நம் 48 வீடுகளில் மாதம் சராசரி அரை லிட்டர் என்று வைத்தாலும் 24 லிட்டர். அதை இப்போது என்ன செய்கிறோம்? சிங்க்கில் ஊற்றுகிறோம். அது குழாயில் கட்டியாகிறது, அடைப்பெடுக்க ஆள் வருகிறார், அதற்கும் நான்தான் வவுச்சர் போடுகிறேன். இனி செக்யூரிட்டி அறைக்குப் பக்கத்தில் மூடியுள்ள நீலக் கேன் ஒன்று இருக்கும். ஆறிய பிறகு, வடிகட்டி, தண்ணீர் படாமல் ஊற்றுங்கள். எஞ்சின் ஆயிலையும் ஃபினாயிலையும் கலந்துவிடாதீர்கள். திண்டுக்கல்லில் மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் விசாரித்து, பதிவு பெற்ற சேகரிப்பாளருக்கு மட்டும், ரசீது பெற்றுக் கொடுப்போம். கூடுதல் விலை தருகிறேன் என்று வேறு யார் வந்து கேட்டாலும் கொடுக்கக் கூடாது. அது எந்தக் கடாய்க்குத் திரும்பப் போகும் என்று சொன்னேன் அல்லவா?

இதனால் நாடு மாறிவிடுமா? நாம் தரும் 24 லிட்டர், ஆலைக்குப் போய்ச் சுத்தமாகி, 20 லிட்டர் பயோடீசலாகும். நம் ஜெனரேட்டரே முழுச் சுமையில் ஓடினால் சில மணி நேரத்துக்குத்தான் வரும். இந்தியா ஓர் ஆண்டில் எரிக்கும் டீசல் ஏறக்குறைய 9 கோடி டன். பெரிதாகப் பேசி விவசாயியை ஏமாற்றிய காலத்தைப் பார்த்தவன் நான், அதனால் பெரிதாகப் பேச மாட்டேன். ஆனால் குழாய் அடைக்காது, கெட்ட எண்ணெய் யார் வயிற்றுக்கும் போகாது, எங்கோ ஒரு பேருந்தின் புகை கொஞ்சம் வெளுக்கும். எண்ணெய்க்கு வரும் சிறு தொகை லிஃப்ட் பேட்டரிக் கணக்கில் வரவு வைக்கப்படும்.

அந்த 21,400 ரூபாய் நஷ்டத்தை நான் தவணையில் சங்கத்துக்குக் கட்டுவதாகச் செயற்குழுவில் சொன்னேன். வேண்டாம் என்றார்கள். இன்று பொதுக்குழு முன்னால் மீண்டும் சொல்கிறேன், முடிவு உங்களுடையது. லிஃப்ட்டில் மாட்டிய அந்த அம்மாவிடம் நேரில் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். "விடுங்க தம்பி, காபி சாப்பிடுங்க" என்றார். நீலக் கேனில் முதல் எண்ணெயை அவரே ஊற்றித் தொடங்கிவைக்கச் சம்மதித்திருக்கிறார். வரும் ஞாயிறு காலை 10 மணிக்கு. ஆளுக்கொரு பாட்டிலோடு எல்லோரும் கீழே வாருங்கள்.

பராமரிப்புத் தொகை பாக்கி உள்ளவர்களும் வரலாம். அன்று கேட்க மாட்டேன்.